இரண்டு அளவு பெரிய டயர்

செப்டம்பர் 4

சுதாவின் பெயர் பதவி உயர்வுப் பட்டியலில் வந்துவிட்டது. இந்தப் போடியிலேயே கணக்கு டீச்சராகக் காலம் தள்ளியவள் இனி தலைமையாசிரியை. பள்ளியைத் தேர்ந்தெடுக்கிற கலந்தாய்வு அடுத்த மாதம். அவள் முறை வரும்போது ஊத்துமலைக்காடு உயர்நிலைப் பள்ளி மட்டும்தான் மிஞ்சியிருக்கும் என்று பேசிக்கொள்கிறார்களாம். மலை மேல் இருக்கிற ஊர். வழியில் எட்டு கொண்டை ஊசி வளைவு. விடியற்காலையில் ஒரு பஸ், பொழுது சாய்ந்தபின் ஒரு பஸ். அதை நம்பி ஹெச்.எம். வேலை பார்க்க முடியாது.

"நம்ம வண்டிதான் இருக்கே. நானே ஓட்டிட்டுப் போய்ட்டு வந்துருவேன்" என்றாள்.

லைசென்ஸ் வாங்கிய ஈரம் இன்னும் காயவில்லை, பேச்சைப் பாருங்கள். ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும், நன்றாகவே ஓட்டுகிறாள். சந்தைத் தெருவில் நான் ஹாரன் அடித்துக் கத்துகிற இடத்தில் அவள் சும்மா நின்று வழிவிட்டு, என்னைவிடச் சீக்கிரம் போய்விடுகிறாள்.

என் மெடிக்கல் ஷாப்புக்கு வந்தவர்கள் எல்லாம் வாழ்த்துச் சொன்னார்கள். இதுவரை நான் டீச்சர் வீட்டுக்காரர். இனி ஹெச்.எம். வீட்டுக்காரர். எனக்கும் ஒரு பதவி உயர்வு என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான். சந்தோஷம்தான். சாயங்காலம் கடையை விட்டு வந்தால் வீடு பூட்டிக் கிடக்குமே என்றெல்லாம் நான் யோசிக்கவில்லை.

செப்டம்பர் 7

டயர் மாற்றியாயிற்று.

போன வாரம் தேனியில் மருந்து வணிகர் சங்கக் கூட்டத்துக்குப் போனபோது, என் வண்டிக்குப் பக்கத்தில் ஒருவர் மலை மாதிரி ஒரு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். கூட இருந்தவர்களில் ஒருவர் என் வண்டியைக் காட்டி, "ஏண்ணே, இது எஸ்யூவியா, இல்ல எஸ்யூவி போட்ட குட்டியா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு வந்தாலும் உள்ளே அது நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

அதனால் சிக்கந்தர் பாய் டயர் கடைக்குப் போனேன். பாய் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "வீல் அதே இருக்கட்டும்ணே. டயர் மட்டும் ரெண்டு சைஸ் தூக்கிப் போட்ருவோம். வண்டி நல்லா நிமுந்து நிக்கும்" என்றார். மாட்டி முடித்த பிறகு பக்கத்தில் வந்து, "ரெண்டு விசயம்ணே. ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சா உள்ள இருக்குற பிளாஸ்டிக்ல டயர் உரசும், சத்தம் வரும். ஏத்தத்துல இழுவையும் கொஞ்சம் கம்மியாத் தெரியும், கியர எறக்கியே ஓட்டணும். வீட்ல வேற யாராச்சும் ஓட்டுனா சொல்லி வச்சிருங்க" என்றார்.

"யாரு ஓட்டப் போறா, நான்தான்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. வாயில் வந்துவிட்டது.

பழைய டயர்களை மாடிப்படிக்குக் கீழே அடுக்கிவிட்டேன். சுதா வந்து பார்த்தாள். "அந்த மலை ரோட்டுக்கு இந்த டயர்தான் லாயக்கு. உனக்காகத்தான் போட்டேன்" என்றேன். "ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்" என்றாள். பிறகு, "பாக்க நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

செப்டம்பர் 8

சுதா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வண்டியில் ஏறுகிறாள். முட்டியைப் பிடிக்கிறதாம். பழகிவிடும்.

செப்டம்பர் 14, ஞாயிறு

ஊத்துமலைக்காட்டுக்கு ஒத்திகை. சுதா ஓட்டினாள், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ரோடு போன வருஷம்தான் புதிதாகப் போட்டார்களாம். பள்ளம், மேடு ஒன்றும் கிடையாது. அது எனக்கு முன்னமே தெரியாது.

முதல் வளைவை அகலமாக எடுத்துத் திரும்பிவிட்டாள். இரண்டாவது குறுகல். முழுதாக ஒடித்தாள். கரகரவென்று எதையோ பிடித்து இழுப்பதுபோலச் சத்தம். பிரேக்கை மிதித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"என்னங்க இது? நான் என்ன பண்ணேன்?"

டயர் உரசுகிறது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "வெடுக்குன்னு ஒடிக்காத. நிதானமாத் திருப்பு" என்று வந்தது.

சொல்லியிருந்தால், தெரிந்துமா போட்டீர்கள் என்று கேட்டிருப்பாள். மலை நடுவில் வைத்து எதற்கு வம்பு என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

நாலாவது வளைவில் இழுவை போதாமல் எஞ்சின் நின்றுவிட்டது. "கிளட்ச்ல கால வச்சுக்கிட்டே ஓட்டுற" என்றேன். "சாரிங்க" என்றாள். அதன் பிறகு ஒவ்வொரு வளைவு வரும்போதும் அவள் முதுகு சீட்டை விட்டு முன்னால் வந்துவிட்டது.

இறங்கும்போது நான் ஓட்டினேன். எங்கே உரசும் என்று எனக்குத் தெரியும் அல்லவா, முழுதாக ஒடிக்காமல், வேண்டிய இடத்தில் ஒருமுறை பின்னால் எடுத்துத் திருப்பினேன். சத்தம் வரவில்லை. சுதா என் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"நீங்க ஓட்டுனா வர மாட்டேங்குது" என்றாள்.

"எல்லாம் பழக்கம்தான்" என்றேன்.

இதை எழுதும்போது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

செப்டம்பர் 17

வண்டி பெட்ரோலைக் குடித்துத் தீர்க்கிறது. பெரிய டயர் என்றால் கொஞ்சம் குடிக்கத்தான் செய்யும். பக்கத்து வீட்டுக்காரர் கேட்டபோது, "புது டிரைவர், கிளட்சத் தேய்க்கிறாங்க" என்று சொல்லிச் சிரித்தேன். சுதா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். காதில் விழுந்திருக்கும்.

பள்ளி விட்டு வந்ததும் தினமும் பக்கத்துக் காலி மனையில் வட்டம் வட்டமாக ஓட்டிப் பழகுகிறாள். சத்தம் வந்தால் நிறுத்துகிறாள். ஸ்டியரிங்கை நேராக்கிவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறாள். கணக்கு டீச்சர். விடை தப்பாக வந்தால் தான் போட்ட வழியில் எங்கோ பிழை என்று தேடிக்கொண்டே இருப்பாள். நான் ஜன்னலோரம் நின்று காபி குடித்தேன். போய்ச் சொல்லியிருக்கலாம்.

செப்டம்பர் 20, சனி

காலையில் நான் கடை திறக்கப் போன பிறகு சுதா தனியாகவே மலைக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை. சொன்னால் நானும் ஏறிக்கொள்வேன் என்று நினைத்தாளோ என்னவோ.

ஐந்தாவது வளைவில் சத்தம் வந்து, பயத்தில் காலை எடுத்து, வண்டி நின்று பின்னால் உருண்டிருக்கிறது. பின்னால் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப். ஜீப் முழுக்கப் பொம்பளைகள், எல்லோரும் கூச்சல். ஹேண்ட்பிரேக்கை இழுத்து நிறுத்திவிட்டாள். ஜீப் ஓட்டுகிற மொக்கராசு என்பவர் இறங்கி வந்து வண்டியை வளைவைத் தாண்டித் திருப்பிக் கொடுத்தாராம். ஒன்றும் ஆகவில்லை. அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கேட்டபோது கோபம் வந்தது. யார் மேல் என்று எழுத வேண்டாம்.

சாயங்காலம் அவரைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள்:

"டயர் போடும்போது பாய் ஏதாச்சும் சொன்னாராங்க?"

"என்ன சொல்லணும்? நல்ல டயருன்னாரு."

"வேற ஒண்ணும் சொல்லலியா?"

"இல்லியே. ஏன்?"

"சும்மாதான். சரி" என்றாள். அவரைக்காய் நறுக்கி முடியும்வரை தலையை நிமிர்த்தவில்லை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இது பூசணிக்காய் அளவு பெரிய விஷயம் ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 22

சுதா பள்ளிக்கு டவுன் பஸ்ஸில் போனாள். கேட்டதற்கு, "பெட்ரோல் மிச்சம்" என்றாள்.

அக்டோபர் 1, ஆயுத பூஜை

கோயம்புத்தூரில் படிக்கிற மகள் ஹரிணி லீவுக்கு வந்திருக்கிறாள். வீடு கலகலவென்று இருந்தது. வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்தேன். பழத்தின் மேல் வண்டியை ஏற்றி நசுக்குவது ஓட்டுகிறவர் வேலை. சுதாவைக் கூப்பிட்டேன். மனதில் ஒரு சமாதான எண்ணம்தான்.

"நீங்களே ஏத்துங்க. ஓட்டுறவங்கதான ஏத்தணும்" என்றாள்.

"அம்மா, நீங்க ஏத்துங்கம்மா. ஹெச்.எம். கையால ஏத்துனாத்தான் வண்டிக்கு நல்லது" என்று ஹரிணி இழுத்தாள். சுதா சிரித்துக்கொண்டே கையை உருவிக்கொண்டு பாயசத்தைப் பார்க்கப் போய்விட்டாள்.

நான்தான் ஏற்றினேன். ஹரிணி என்னிடம் வந்து, "அம்மாவுக்கு என்னாச்சுப்பா? போன தடவ வந்தப்ப எனக்கே ஓட்டக் கத்துத் தர்றேன்னாங்க" என்றாள்.

"மலை ரோடுன்னதும் பயந்துட்டா" என்றேன்.

"அம்மாவா?" என்றாள்.

அக்டோபர் 5, ஞாயிறு

ஹரிணியை பஸ் ஏற்றிவிட்டு வந்து, இரண்டு நாளாக யோசித்து வைத்திருந்ததைச் சுதாவிடம் பேசினேன்.

"புரமோஷன் இப்ப வேணாம்னு எழுதிக் குடுத்துரு சுதா. மூணு வருசம் கழிச்சு மறுபடி கூப்புடுவாங்க. அதுக்குள்ள கீழ எங்கயாச்சும் காலியாகும். அந்த மலையில தினம் ஏறி எறங்க உன்னால ஆகாது."

"நான் போறது உங்களுக்குப் புடிக்கலியா?"

"சேச்சே. உனக்கு ஒண்ணு ஆயிறக் கூடாதுன்னுதான் சொல்றேன்."

 அவள் என் முகத்தையே பார்த்தாள். ஆஸ்பத்திரிச் சீட்டைக் கொண்டுவந்து நீட்டுகிறவர்கள், நான் மருந்து எடுத்துக்கொடுக்கும்வரை என் முகத்தைப் பார்த்தபடி நிற்பார்கள். அதுபோல இருந்தது. நான் எடுத்துக் கொடுக்கவில்லை. டிவியைப் போட்டேன்.

அக்டோபர் 9

இன்று கலந்தாய்வு. வண்டியில் தேனிக்குக் கூட்டிப்போகிறேன் என்றதற்கு, கூட வேலை பார்க்கிற டீச்சரோடு பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்றாள்.

சாயங்காலம் வந்து கால் கழுவிவிட்டு நேராகத் தோசைக்கல்லைப் போட்டாள்.

"முடிஞ்சுதா?" என்றேன்.

"முடிஞ்சுது."

எழுதிக் கொடுத்துவிட்டாள் என்று புரிந்துகொண்டேன். நான் சொன்னபடிதானே நடந்திருக்கிறது, நிம்மதியாகச் சாப்பிட்டிருக்க வேண்டும். இரண்டாவது தோசை இறங்கவில்லை. சாப்பிட்டு முடித்த பிறகு அவள் அலமாரியிலிருந்து தன் கணக்குப் புத்தகங்களை எடுத்து, தூசி தட்டி, ஒரு பெட்டியில் அடுக்கினாள். பழைய பேப்பர்காரனுக்குப் போடப்போகிறாள் என்று நினைத்தேன். எவ்வளவு ஆசையோடு இருந்தாள். நாம் என்ன செய்து வைத்திருக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது. சத்தம் உன்னால் வரவில்லை என்று இந்த ஒரு மாதத்தில் ஒருநாள் சொல்லியிருந்தால் போதும். நாக்கு புரளவில்லை. தப்பு, பெரிய தப்பு.

அக்டோபர் 10

கடையைத் திறக்காமல் பழைய டயர்களை ஏற்றிக்கொண்டு பாயிடம் போனேன்.

"ஏண்ணே, மனசுக்குப் புடிக்கலியா?"

"வீட்ல ஓட்டச் சிரமப்படுறாங்க பாய்."

"அக்காவா ஓட்டுறாங்க? அன்னைக்கு நீங்க மட்டும்தான்னு சொன்னீங்களேண்ணே. சொல்லியிருந்தா நான் போட்டே இருக்க மாட்டேன்."

வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறோம் என்று தெரிந்தேதான் நின்றேன்.

சுதா பள்ளியிலிருந்து வரும்வரை வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். வந்தவள் வண்டியைப் பார்த்தாள்.

"டயர மாத்திட்டேன் சுதா" என்றேன். "அந்தச் சத்தம் டயராலதான் வந்துச்சு. எஞ்சின் நின்னதும் அதாலதான். உம்மேல ஒரு தப்பும் இல்ல. பாய் மொத நாளே சொன்னாரு. நான்தான் உங்கிட்ட சொல்லல."

"தெரியும்" என்றாள்.

பையை இறக்கி வைத்துவிட்டு, என் பக்கத்துப் படியில் உட்கார்ந்தாள். "மொக்கராசு அன்னைக்கே சொல்லிட்டாரு. டயரு பெருசு, உரசுது, உங்க கையில தப்பில்ல டீச்சர்னு. டயர் போட்டவங்க சொல்லலியான்னும் கேட்டாரு."

"அப்ப ஏன் எங்கிட்ட கேக்கல?"

"கேட்டேனே. அவரக்கா நறுக்கும்போது கேட்டேனே."

என்னால் அவளை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை. "எழுதிக் குடுத்தத வாபஸ் வாங்க முடியாதா? நானே வந்து பேசுறேன்" என்றேன்.

"யாரு எழுதிக் குடுத்தா? ஊத்துமலைக்காட்ட எடுத்துட்டேன். திங்கக்கெழம ஜாயின் பண்றேன்."

எனக்கு உயிர் வந்தது. உண்மையாகச் சொல்கிறேன், உயிர் வந்தது. "நல்லதாப் போச்சு. டயரும் பழசு போட்டாச்சு. தெனம் நீயே…" என்று ஆரம்பித்தேன்.

"ஸ்கூலுக்குப் பக்கத்துலயே ஒரு வீடு இருக்காம். மொக்கராசு சம்சாரம் பாத்து வச்சிருக்காங்க. அங்கயே தங்கிக்கிறேன். வாரக் கடைசில வர்றேன்."

"அதான் வண்டி சரியாயிருச்சே, சுதா."

"வண்டி சரியாயிருச்சுங்க. காரணம் தெரிஞ்சப்புறமும் எனக்குக் கை நடுங்குது. அன்னைக்கு எறங்கி வரும்போதே நடுங்குச்சு. எம்மேலதான் தப்பு, எம்மேலதான் தப்புன்னு ஓட்டுனேன்ல, அது போக மாட்டேங்குது." ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள். "நீங்க மொத நாளே ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அந்தச் சத்தத்தோடயே தெனம் ஓட்டிட்டு வீடு வந்துருப்பேன்."

எழுந்து உள்ளே போய் விளக்கைப் போட்டாள்.

அக்டோபர் 12, ஞாயிறு

பாத்திரம், பாய், தலையணை, இரண்டு பெட்டி புத்தகம். கட்டிக்கொண்டே எனக்கு மாவு எங்கே, காஸ் புக் பண்ணுவது எப்படி என்று சொல்லிக்கொடுத்தாள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. போகாதே என்று சொல்ல எனக்கு முகம் இல்லை.

அக்டோபர் 13

காலையில் சாமான்களை வண்டியில் ஏற்றிவிட்டுச் சாவியை அவளிடம் நீட்டினேன். வாங்கவில்லை. சுற்றிப்போய் அந்தப் பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். சேலையைத் தூக்கிப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை.

வழியெல்லாம் பள்ளியைப் பற்றித்தான் பேசினாள். பத்தாம் வகுப்பில் கணக்கில்தான் பிள்ளைகள் தவறுகிறார்களாம், அந்த வகுப்பைத் தானே எடுக்கப்போகிறாளாம். வளைவு வரும்போது மட்டும் பேச்சு நின்றது. மடியில் இருந்த கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வளைவு தாண்டியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். எட்டு தடவையும் அப்படித்தான்.

பள்ளி வாசலில் பிள்ளைகள் வரிசையாக நின்று கை தட்டினார்கள். ஒரு ஆசிரியர் எனக்கும் துண்டு போர்த்தி, "நீங்க குடுத்து வச்சவரு சார்" என்றார். அவள் தங்கப்போகிற வீட்டில் சாமான்களை இறக்கிவைத்துவிட்டு நின்றேன். "மழ வர்ற மாதிரி இருக்கு, நீங்க கெளம்புங்க. பாத்துப் போங்க" என்றாள். மன்னித்துக்கொள் என்று சொல்ல நினைத்தேன். "சரி, போய்ட்டு போன் பண்றேன்" என்றேன்.

கடைக்குப் போகப் பிடிக்கவில்லை. வீட்டுக்கு வந்து சோறு வடித்தேன், குழைந்துவிட்டது. மோர் ஊற்றிச் சாப்பிட்டேன்.

சாயங்காலம் ஹரிணி போன் செய்தாள். அம்மா ஜாயின் பண்ணிய போட்டோவைப் பார்த்ததாகச் சொன்னாள். தீபாவளிக்கு அம்மா வந்துவிடுவாள் அல்லவா என்று கேட்டாள். வருவாள் என்றேன்.

"அம்மா ஏம்ப்பா அங்க தங்கணும்? அதான் கார் இருக்கே. ஓட்டிட்டு வந்துட்டுப் போகலாம்ல?"

இவளிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். போனைக் காதில் வைத்தபடி வாசலுக்கு வந்து நின்றேன். அவள் எதிர்முனையில் அப்பா, அப்பா என்றாள்.

"ரோடு சரியில்லம்மா" என்றேன்.

அவளும் நம்பிவிட்டாள்.